நமத்த பிஸ்கட்

ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணன் வண்டியோடு வருகிறார் என்று அண்ணி சொன்னபோது நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சாமானை ஏத்திக்கிட்டு ஒரேயடியா கிளம்பிடலாம்னு சொல்லிட்டார். உங்க அண்ணனும் சரின்னுட்டார்."

பேசும்போது அண்ணி என்னைப் பார்க்கவில்லை. அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வற்றிவிடக் கூடாதென்று அதில் இன்னும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாள்.

உள்ளே குருவி இருமினாள்.

குருவி என் சின்னண்ணன் மகள்; நான் அவளுக்கு அத்தை. ஐந்து வயது. அவளுடைய இருமல் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். முதலில் செருமல். பிறகு வறட்டு இருமல். பிறகு மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் மெல்லிய விசில். மூன்றாவது வந்துவிட்டதா என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கவலை. நானும் அண்ணியும் இருந்த இடத்திலேயே நின்று காது கொடுத்தோம்.

விசில் வந்துவிட்டது.

அண்ணி மூச்சுக்கு மருந்து அடிக்கும் பம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் செருப்போடு பின்னால் ஓடினேன்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்ததே அந்த விசிலுக்காகத்தான். அதற்கு முன் எங்கள் சனம் எல்லாரையும் போலத் துறைமுகத்து ஊரில் இருந்தோம். ரயிலில் ஒரு பகல் பயணம். பெரியண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். எங்கள் ஆட்கள் ஏன் எல்லாரும் அங்கேயே குவிந்தார்கள் என்று கேட்டால் வேர்வை மாமாவைத்தான் காட்டுவார்கள்.

வேர்வை மாமா யாருக்கு முதலில் மாமா என்று யாருக்கும் தெரியாது. கடல் தாண்டி இந்த நாட்டுக்கு முதலில் வந்த எங்கள் ஆள் அவர். அவருக்கு வேலை கிடைத்திருந்தது உண்மையில் இந்த ஊரில், இப்போது நான் வேலை பார்க்கும் இதே பிஸ்கட் தொழிற்சாலையில். டிக்கெட்டும் இங்கே வரைக்கும் எடுத்திருந்தார். வழியில் துறைமுகத்து ஸ்டேஷனில் தண்ணீர் குடிக்க இறங்கினார். காற்று பிசுபிசுவென்று இருந்தது. சட்டை முதுகில் ஒட்டியது.

"ஒட்டுச்சு பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு, இதுதான் நம்ம இடம்னு," என்பார். "வண்டி விசில் ஊதுச்சு. போடா, நீ போயிட்டு வான்னு அனுப்பிட்டேன்."

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவர் வீட்டுத் தரையில்தான் முதலில் பாய் விரித்தார்கள். பிறகு பக்கத்துத் தெருவில் வீடு பார்த்தார்கள். மேலே, இந்த ஊர்ப் பக்கம் போனால் கூலி அதிகம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் போய்ப் பார்த்தவர்கள் உதடு வெடித்துத் திரும்பி வந்தார்கள். "வேர்வையே வரலைப்பா, உடம்பு பூட்டின மாதிரி இருக்கு" என்றார்கள். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

குருவி பிறந்தது துறைமுகத்தில்தான். அங்கே மழைக்காலம் என்று ஒன்று தனியாக வர வேண்டியதில்லை. காலண்டர் தாள் வளைந்துகொள்ளும். தீக்குச்சி பற்றாது. பீரோவுக்குள் சட்டையில் பூசணம் பூக்கும். போன வருஷம் மழையில் குருவியின் உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றாள். டாக்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "மருந்து குடுத்துட்டே இருக்கலாம். இந்த ஈரக்காத்து இவளுக்கு ஒத்துக்கலை. காய்ந்த ஊரா பார்த்துப் போக முடியுமா?"

காய்ந்த ஊர் என்றால் இதுதான். சின்னண்ணனுக்குத் தொழிற்சாலை அடுப்புப் பிரிவில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. வேதியியல் படித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்குப் பரிசோதனைக்கூடத்தில் இடம் கொடுத்தார்கள். மொத்த ஊரிலும் வேர்ப்பது அண்ணனுக்கு மட்டும்தான் என்று கேலி செய்வோம். பிஸ்கட்டில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. தொழிற்சாலையை இங்கே கட்டியதற்குக் காரணமும் அதுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இந்தக் காற்றில் எதுவும் நமத்துப் போகாது. பெரியண்ணன் போனில் என்னை பிஸ்கட் டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

வந்த புதிதில் நன்றாக இருந்தது. குருவி ஓடினாள். படி ஏறினாள். பம்பு அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. அண்ணி மட்டும் வாசலில் நின்று தெருவைப் பார்ப்பாள். பேச ஆள் இல்லை. "இங்க துணிகூட அட்டை மாதிரி காயுது" என்பாள், ஏதோ துணி அவளை அவமதித்துவிட்டதுபோல.

பிறகு குளிர் வந்தது.

வறண்ட குளிர். ஒரு காலை சின்னண்ணன் பல் தேய்க்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அண்ணி அலறிவிட்டாள். எனக்கு உதட்டோரம் வெடித்துச் சிரிக்க முடியவில்லை. குருவிக்குக் கன்னம் சொரசொரவென்று ஆனது. போனில் செய்தி துறைமுகம் முழுவதும் பரவியது. வேர்வை மாமாவே பேசினார்.

"காத்துல ஈரம் இல்லைன்னா பிள்ளைக்கு நெஞ்சு காஞ்சு போயிடும்மா. வீட்டுக்குள்ள தண்ணியைக் கொதிக்க விடு. ஈரத்துணியைத் தொங்க விடு. ஜன்னலை இறுக்கி அடை. நம்ம ஊர்க் காத்தை நாமதான் உண்டாக்கிக்கணும்."

அண்ணி அப்படியே செய்தாள். துவைத்த துணியெல்லாம் வீட்டுக்குள் வந்தது. ஜன்னல் இடுக்கில் பழைய புடவைக் கிழிசலைத் திணித்தோம். நானும்தான் திணித்தேன். குருவியின் கட்டிலை ஒட்டிய சுவர் சில்லென்று இருந்ததால் அதன்மேல் தடித்த கம்பளத்தை ஆணி அடித்துத் தொங்கவிட்டான் சின்னண்ணன். சாயங்காலம் வேலை முடிந்து கதவைத் திறந்தால் வெதுவெதுப்பான ஆவி முகத்தில் படும். சட்டை லேசாக முதுகில் ஒட்டும். எனக்கும் அது பிடித்திருந்தது. எல்லாருக்கும் மூக்கு சரியாகிவிட்டது.

அதன் பிறகுதான் இருமல் திரும்பி வந்தது.

குருவி இருமினால் அண்ணி இன்னொரு பாத்திரம் வைத்தாள். இன்னும் இருமினால் இன்னொரு ஈரத்துணி. குளிரால்தான் இருமல் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். பெரியண்ணனும் அதைத்தான் சொன்னார்: "அங்கேயும் இருமல்தானே? இங்கே வந்து இருமட்டும். இங்கேன்னா தூக்கிட்டு ஓடப் பத்துப் பேர் இருக்கோம்."

எனக்குப் பயம், அங்கே மழைக்காலம் திரும்பவும் வரும் என்று. அந்த நீல உதட்டை நானும் பார்த்தேன். ஆனால் வாய் திறக்கவும் பயம். இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வெள்ளைக் கோட்டு, என் பெயர் எழுதிய இழுப்பறை, யாரும் அதிகம் பேசச் சொல்லாத ஒரு அறை. போக வேண்டாம் என்று நான் சொன்னால் அது குருவிக்காகவா, எனக்காகவா? எனக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை வழக்கம்போல உடைந்த பிஸ்கட் ஒரு பொட்டலம் கொண்டுவந்தேன். முந்தின நாள் கொண்டுவந்ததில் மிச்சம் தட்டில் இருந்தது. குருவி அதில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். பிறகு வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"அத்தை, இது பெரியப்பா வீட்டு பிஸ்கட்."

"இல்லடா, நம்ம பிஸ்கட்தான். அத்தை கொண்டுவந்தது."

"பெரியப்பா வீட்டுல இப்படித்தான் இருக்கும். வளையும்."

வளைத்துக் காட்டினாள். ஒடியவில்லை.

நான் வாங்கிப் பார்த்தேன். நமத்துப் போயிருந்தது. நாள் முழுக்கப் பிஸ்கட்டை ஒடித்துப் பார்க்கிற கை என் கை. இந்த ஊரில், திறந்து போட்ட பிஸ்கட், ஒரே நாளில் நமத்துப் போயிருந்தது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கொடியில் ஈரத்துணிகள். அடுப்பில் ஆவி. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அதில் குருவி விரலால் வரைந்த ஒரு கப்பல்.

துறைமுகம் ரயிலேறி எங்களோடு வந்துவிட்டிருந்தது.

குளிர்ந்த பரப்பில் ஆவி தண்ணீராகும் என்று நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். வீட்டில் அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் ஒரு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு இதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? மறுநாள் காலை இரண்டு தட்டு எடுத்தேன். ஒரே பொட்டலத்துப் பிஸ்கட்டை ஒன்றில் வைத்து வெளியே ஜன்னல் திண்டில் வெயிலில் வைத்தேன். காக்கை கொத்தாமல் இருக்கச் சல்லடையைக் கவிழ்த்தேன். இன்னொன்றைக் குருவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தபோது வெளியே இருந்தது பட்டென்று ஒடிந்தது. உள்ளே இருந்தது அப்போதே இளகத் தொடங்கியிருந்தது.

சனிக்கிழமை அண்ணி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு கரண்டியைத் துடைத்தேன். இன்னொன்றைத் துடைத்தேன்.

"அண்ணி, தண்ணி கொதிக்க வைக்கிறதை ஒரு நாள் நிறுத்திப் பார்க்கலாமா?"

"ஏன்?"

"வீட்டுக்குள்ள ஈரம் ஜாஸ்தியா இருக்கோன்னு..."

"ஈரம் ஜாஸ்தியா? இந்த ஊர்லயா?" அண்ணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நேத்து ராத்திரி அவ எப்படி இழுத்தான்னு நீயும்தானே கேட்ட? அவ நெஞ்சு காய்ஞ்சு போகட்டும்கிறியா?"

"இல்லண்ணி."

"உனக்கு இங்கே வேலை இருக்கு. புரியுது. நான் உன்னைக் குறை சொல்லலை. ஆனா எனக்கு இங்கே என்ன இருக்கு சொல்லு? அவ மூச்சை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அங்கேன்னா எண்ணறதுக்காவது இன்னொரு ஆள் இருக்கும்."

நான் கரண்டியைச் சாக்கில் போட்டேன். அவள் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி என் வாயை அடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு தட்டையும் மறுபடி வைத்தேன். ஏன் என்று தெரியாது. வைக்காமல் இருக்க முடியவில்லை.

வண்டி ராத்திரியே கிளம்பி மதியத்துக்கு முன்பே வந்துவிட்டது. பெரியண்ணன் கட்டடங்களுக்கு பெயிண்ட் அடிக்கும் காண்டிராக்டர். வண்டியின் கதவில் எல்லா நிறமும் சிந்தியிருக்கும். கூடவே வேர்வை மாமாவும் இறங்கினார், கண் மட்டும் தெரியக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு.

"என்ன மாமா, மூட்டையை இறக்கணுமா, ஏத்தணுமா?" என்றான் சின்னண்ணன்.

"மூட்டை பேசுதுடா. முதல்ல உள்ளே விடு."

உள்ளே வந்ததும் மாமா கம்பளியைக் கழற்றினார். ஆழமாக மூச்சை இழுத்தார். "ஆகா! வீடுன்னா இது வீடு. அப்படியே நம்ம ஊர்ல இருக்கிற மாதிரி இருக்கு!" என்றார். அண்ணியின் முகம் பல நாளைக்குப் பிறகு மலர்ந்தது. நான் ஜன்னலில் இறங்கிய தண்ணீரைப் பார்த்தேன்.

தேநீர் வந்தது. கட்டிலருகே இருந்த தட்டிலிருந்து மாமா தானாகவே ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். "இதுதான் பிஸ்கட். பல்லுக்கு இதமா. எங்கம்மா வாங்கினீங்க?"

"அது உள் பிஸ்கட் தாத்தா," என்றாள் குருவி. "எனக்கு வேண்டாம். அத்தை, எனக்கு வெளி பிஸ்கட் குடு."

"அதென்ன உள் பிஸ்கட், வெளி பிஸ்கட்?" பெரியண்ணன் என்னைப் பார்த்தார். "பிஸ்கட் டாக்டர் என்ன வைத்தியம் பண்றாங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைத் திறக்கப் போனேன். இடுக்கில் திணித்த துணியைப் பிடுங்க வேண்டியிருந்தது. அது சொதசொதவென்று நனைந்திருந்தது. சல்லடையைத் தூக்கி வெளித்தட்டை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தேன். ஒன்றை ஒடித்தேன். சத்தம் கேட்டது. உள் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வளைத்தேன். சத்தம் இல்லை.

"இரண்டும் ஒரே பொட்டலம்," என்றேன். அதற்குமேல் குரல் வரவில்லை.

"சரி, அதுக்கென்ன?" என்றார் பெரியண்ணன். பிறகு சின்னண்ணனிடம், "நேரமாச்சு. கட்டிலைக் கழட்டு. பெரிய சாமான் முதல்ல ஏறட்டும்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தில் இரண்டு பிஸ்கட்டைக் காட்டிவிட்டு நின்றுவிட்டேன். குருவி பின்னாலிருந்து செருமினாள். ஒன்று. இரண்டு.

அண்ணன்மார் இருவரும் கட்டிலை இழுத்துப் போட்டார்கள். சின்னண்ணன் ஆணியைப் பிடுங்கினான். கம்பளம் தன் கனத்திலேயே கீழே விழுந்தது.

சுவர் கறுப்பாக இருந்தது.

மேலிருந்து கீழ்வரை, குருவியின் தலையணை இருந்த உயரத்தில் அடர்த்தியாக, ஓரத்தில் பச்சையும் சாம்பலுமாக. விழுந்த கம்பளத்திலிருந்து வந்த வாடை எங்கள் எல்லாருக்கும் தெரிந்த வாடை. பீரோவைத் திறந்தால் வருமே, அது.

பெரியண்ணன் மெல்லக் குனிந்தார். கட்டை விரல் நகத்தால் சுவரைச் சுரண்டினார். பூச்சு மாவாக உதிர்ந்தது.

"இது கடற்கரை வீட்டுச் சுவராச்சே," என்றார். குரல் இறங்கியிருந்தது. "இந்த ஊர்ல எப்படி?"

"நாமதான் கொண்டுவந்தோம்," என்றேன். இப்போது குரல் வந்தது. நடுங்கியது, ஆனால் வந்தது. "தண்ணியைக் கொதிக்க விட்டோம். துணியை உள்ளே காயப்போட்டோம். ஜன்னலை அடைச்சோம். அந்த ஆவியெல்லாம் போக வழியில்லாம இந்தக் குளிர்ந்த சுவர்ல போய் உட்கார்ந்திருக்கு. இவ மூக்குக்குப் பக்கத்துல. வெளியே காத்து இன்னும் காய்ஞ்சுதான் இருக்குண்ணா. பிஸ்கட்டைப் பாருங்க."

அண்ணி கறுப்புச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானா?" என்றாள். "நானேதான் இவளுக்கு இதை உண்டாக்கினேனா?"

"எல்லாரும்தான் அண்ணி. துணி திணிச்சது நான்."

"ஆணி அடிச்சது நான்," என்றான் சின்னண்ணன்.

மாமா கையிலிருந்த பாதிப் பிஸ்கட்டைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார். "யோசனை சொன்ன வாய் இதும்மா," என்றார். "இதை முதல்ல பூசி அடைக்கணும்."

பெரியண்ணன் சுவரை விட்டு நகரவில்லை. "அங்கே வருஷா வருஷம் இதுமேலதான் நான் பெயிண்ட் அடிக்கிறேன்," என்றார், யாரிடமும் இல்லாமல். "என் வீட்டுச் சுவர், மாமா வீட்டுச் சுவர், எல்லாம். அடிச்சு மறைக்கிறேன். அடுத்த மழைக்கு மறுபடி வரும். இவளை அதுக்குள்ளேதான் திரும்பக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

குருவி விசிலோடு மூச்சை இழுத்தாள். அண்ணி அவளை வாரிக்கொண்டு பம்பைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போய் அடுப்பை அணைத்தாள்.

அன்று சாமான் ஏறவில்லை. குருவிக்கு மஃப்ளர் சுற்றி, மாமாவோடு வண்டியின் முன் இருக்கையில் உட்கார வைத்தோம். பெரியண்ணன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரை மருந்து போட்டுக் கழுவிச் சுரண்டினார். கம்பளத்தை வெளியே எறிந்தோம். துணிக்கொடி மொட்டை மாடிக்குப் போனது. கட்டில் வெயில் வரும் அறைக்குப் போனது. வீடு முழுவதும் குளிர் புகுந்தது. அண்ணிக்குப் பல் கிட்டித்தது. வாயைத் திறக்காமல் வேலை செய்தாள்.

புறப்படும்போது பெரியண்ணன் சொன்னார்: "அடுத்த ஞாயிறு வண்டி வரும். அன்னிக்கும் விசில் இருந்துச்சுன்னா நான் எதையும் கேட்க மாட்டேன். தூக்கி வண்டியில போட்டுக்கிட்டுப் போயிடுவேன்."

அந்த வாரம் நான் பரிசோதனைக்கூடத்தில் எதைப் பார்த்தேன் என்று நினைவில்லை. திங்கட்கிழமை விசில் இருந்தது. செவ்வாயும் இருந்தது. சுரண்டின தூசி நெஞ்சுக்குள் போயிருக்குமோ, குளிர் தாங்கவில்லையோ என்று அண்ணி என்னைப் பார்ப்பாள், நான் அண்ணியைப் பார்ப்பேன். சின்னண்ணனுக்கு மறுபடி மூக்கில் ரத்தம் வந்தது. ஒரு சொட்டு எண்ணெயைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போனான். அதற்குப் பிறகு ஒரு நாள் செருமல் மட்டும். நான் அதை நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தபோது குருவி சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருந்தாள். பெரியண்ணன் வாசலிலேயே கையால் கேட்டார், எப்படி என்று. தெரியாது என்று நானும் கையால் சொன்னேன். எல்லாரும் கால் விரலில் நடந்து வந்து அவள் அறை வாசலில் உட்கார்ந்தோம். கதவு திறந்திருந்தது. ஜன்னலும் ஒரு கை அகலம் திறந்திருந்தது. மாமா கம்பளியைக் கழற்றவில்லை.

காது கொடுத்தோம். ஒன்றும் கேட்கவில்லை.

"என்னம்மா," என்று மாமா கிசுகிசுத்தார், "சத்தமே இல்லை?"

அண்ணி எழுந்து ஓடினாள். எனக்கும் கால் தானாக எழுந்தது. அண்ணி குனிந்து குருவியின் மூக்கருகே புறங்கையை வைத்தாள். அப்படியே நின்றாள். நெஞ்சு ஏறி இறங்குவதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். ஏறியது, இறங்கியது. சத்தமில்லாமல்.

"தூங்குறா," என்றாள் அண்ணி. "சும்மா தூங்குறா." கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை தூங்கும்போது சத்தம் இருக்காது என்பதையே நாங்கள் மறந்திருந்தோம்.

பெரியண்ணன் வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். இனி சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மழைக்காலம் இல்லாத ஊரிலும் அடுத்த குளிர் வரும்.

மாமாவுக்குச் சும்மா உட்கார முடியவில்லை. கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி, உள் தட்டில் நேற்றிலிருந்து திறந்தபடி கிடந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

நொறுக்கென்று ஒரு சத்தம். வீடே அதிர்ந்த மாதிரி இருந்தது.

"மாமா!" என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் பல்லைக் கடித்தோம்.

அவர் மெல்லவும் முடியாமல், துப்பவும் முடியாமல், வாயை மூடியபடி எங்களைப் பார்த்தார். குருவி புரண்டு படுத்தாள். மறுபடி எல்லாரும் காது கொடுத்தோம்.